கோணல் கதவில் இல்லை

வண்டலூரிலிருந்து ஒரகடம் போகிற சாலையில், படப்பையைத் தாண்டி ஒரு டிங்கரிங் பட்டறை இருக்கிறது. தகரக் கூரை, இரண்டு டியூப்லைட், மூலையில் கேஸ் சிலிண்டர். வெளியே சாலையில் புதுக் கார்களை அடுக்கிக்கொண்டு நீண்ட டிரெய்லர்கள் போய்க்கொண்டே இருக்கின்றன. உள்ளே ஒரே ஒரு பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு, சாம்பல் நிற பிரைமரோடு நிற்கிறது.

நண்பருடைய அப்பா ஓட்டிய வண்டி. சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு பட்டறையில் அதை போல்ட் போல்ட்டாகக் கழற்றினார்கள். சேசிஸின் துருவை நீக்கிப் பெயிண்ட் அடித்தார்கள். அதோடு வேலை நின்றுபோனது. இப்போது படப்பையில் மறுபடி பூட்டுகிறார்கள். நான் போன அன்று ஓட்டுநர் பக்கக் கதவை மாட்டியிருந்தார்கள். சாத்திப் பார்த்தால் கண்ணை உறுத்தியது. கதவின் பின்விளிம்புக்கும் வண்டியின் உடலுக்கும் நடுவே உள்ள இடுக்கு மேலே 3 மில்லிமீட்டர், கீழே 6. ஓர் ஆப்பைச் செருகி வைத்ததுபோல் கீழ்ப்பக்கம் விரிந்திருந்தது.

"கதவு ஓரத்தைக் கொஞ்சம் தட்டி எடுத்துட்டா சரியாயிடுமா?" என்று நண்பர் கேட்டார்.

"கதவைத் தொடாதீங்க சார்," என்றார் பட்டறைப் பெரியவர். "கோணல் கதவுல இல்லை."

அவர் அதை எப்படிக் கண்டுபிடித்தார் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தேன். முதலில் கதவைப் பாதி திறந்து, அதன் வால் பக்கத்தை இரண்டு கையாலும் பிடித்து மேலே தூக்கினார். ஆட்டம் இல்லை. அப்படியானால் கீல் தேயவில்லை. அடுத்து, கதவை மூடிவிட்டு முன்விளிம்பைப் பார்த்தார். 4 மில்லிமீட்டர் டிரில் பிட்டின் அடிப்பாகத்தை அந்த இடுக்கில் மேலிருந்து கீழே ஓட்டினார். ஒரே சீராக ஓடியது. மூன்றாவதாக, கதவில் ஓடும் இடுப்புக்கோடும் பின்பக்கத் தகட்டில் ஓடும் இடுப்புக்கோடும் சந்திக்கிற இடத்தில் விரலை வைத்தார். கதவின் கோடு 3 மில்லிமீட்டர் உயரமாக இருந்தது.

இந்த மூன்றாவது தடயம்தான் முக்கியம். கதவு தன் கனத்தால் தொங்கிப்போனாலும் பின் இடுக்கு இதேபோலத்தான் மேலே நெருங்கி, கீழே விரியும். கீலைச் சுற்றிக் கதவு சற்றுச் சுழலும்போது மேல்மூலை பின்னே நகர்கிறது, கீழ்மூலை முன்னே நகர்கிறது. ஆனால் அப்போது கதவின் கோடு உடலின் கோட்டைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும். முன் இடுக்கும் மேலே விரிந்து, கீழே நெருங்கியிருக்க வேண்டும். இங்கே இரண்டும் இல்லை. கதவு நேராக நிற்கிறது. கதவுக்குப் பின்னால் உள்ள உடல்தான் முன்பக்கம் மூக்கைத் தாழ்த்தி, குனிந்து நிற்கிறது.

மருத்துவர் நாடி பிடிப்பதைப் போல என்று சொல்லலாம்தான். ஆனால் இதில் மாயம் ஒன்றும் இல்லை, வடிவியல் மட்டுமே. இதில் தப்பித்தவறி கதவின் ஓரத்தைச் சுத்தியலால் தட்டியிருந்தால், சரியாக இருந்த ஒரே பாகமும் கெட்டிருக்கும்.

ஒரு காரின் பின்பாதி மட்டும் தனியாகக் குனிய முடியுமா என்று கேட்கலாம். ஹெரால்டில் முடியும். அதற்குக் காரணம் இங்கிலாந்தில் நடந்த ஒரு நிறுவனக் கைமாற்றம். ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனிக்குக் கார் உடல் செய்து தந்துகொண்டிருந்த ஃபிஷர் அண்ட் லட்லோ நிறுவனத்தை 1953இல் போட்டி நிறுவனமான பி.எம்.சி. வாங்கிக்கொண்டது. புதிய சிறிய காருக்கு முழு உடலையும் ஒரே கூடாகச் செய்து தர ஸ்டாண்டர்டுக்கு ஆள் இல்லாமல் போனது. எனவே பழைய முறைப்படி தனிச் சேசிஸ் ஒன்று. அதன்மேல், பல இடங்களில் செய்யக்கூடிய துண்டுகளாக உடலைப் பிரித்து, போல்ட் போட்டு இணைப்பது. டூரினைச் சேர்ந்த ஜியோவான்னி மிக்கெலோட்டி வடிவம் தந்தார். 1959இல் டிரையம்ப் ஹெரால்டு வெளிவந்தது.

வேறு வழியில்லாமல் செய்த அந்த ஏற்பாடே பிறகு வசதியாக மாறியது. துண்டுகளைப் பெட்டியில் அடுக்கிக் கடல் கடந்து அனுப்பலாம், போன இடத்தில் பூட்டிக்கொள்ளலாம். சென்னையில் 1948இல் தொடங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா, முன்பு வேன்கார்டு, டென் ஆகிய கார்களைத் தயாரித்திருந்தது. 1961இல் வண்டலூர்ப் பக்கத்துத் தொழிற்சாலையிலிருந்து ஹெரால்டைக் கொண்டுவந்தது. இங்கே டிரையம்ப் என்ற பெயர் இல்லை, ஸ்டாண்டர்டு ஹெரால்டுதான். பத்தாண்டில் பாகங்கள் படிப்படியாக உள்நாட்டுக்கு மாறின. 1960களின் இறுதியில் இங்கிலாந்திலேயே இல்லாத நான்கு கதவு ஹெரால்டும் இந்தியாவில் வந்தது. 1972இல் அது கெஸல் ஆனது. 1985இல் வந்த ஸ்டாண்டர்டு 2000 எடுபடவில்லை. 1988இல் கார் தயாரிப்பு நின்றது. அந்தத் தொழிற்சாலை இருந்த இடத்திலிருந்து படப்பை அதிகத் தூரம் இல்லை. அங்கே பிறந்த வண்டி ஐம்பது வருடம் ஊர் சுற்றிவிட்டு, பிறந்த வீட்டுக்குப் பக்கத்துத் தெருவில் வந்து நிற்கிறது.

சரி, போல்ட் போட்டு இணைத்தால் என்ன சிக்கல்? இரண்டு கதவு ஹெரால்டை எடுத்துக்கொள்வோம். கால் வைக்கும் தளமும் முன் கண்ணாடிச் சட்டமும் சேர்ந்த முன்பாதி ஒன்று. பின் இருக்கை, பின் மட்கார்டுகள், டிக்கியின் தரை சேர்ந்த பின்பாதி ஒன்று. கூரை ஒன்று. மூக்கிலிருந்து முன் மட்கார்டுகளோடு சேர்ந்து அப்படியே முன்னோக்கிக் கவிழ்ந்து திறக்கும் பானெட் ஒன்று. டிக்கி மூடி ஒன்று. கதவுகள் இரண்டு. மொத்தம் ஏழு. வெட்டவெளியில் வைத்த எந்தப் பொருளும் ஆறு விதமாக இடம் மாறலாம். முன்பின், இடவலம், மேல்கீழ் என நகர்வு மூன்று. குனிதல், சரிதல், திரும்புதல் என மூன்று. ஏழு துண்டு, ஆளுக்கு ஆறு. ஆக, 42 விடைகள் ஒரே நேரத்தில் சரியாக வர வேண்டும். இதில் கதவின் முன்தூண் முன்பாதியில் இருக்கிறது, பின்தூண் பின்பாதியில் இருக்கிறது. இரண்டு பாதிகளும் சந்திக்கும் மூட்டு கதவுக்குக் கீழே ஓடுகிறது. சேசிஸில் நடக்கும் எந்தத் தவறும் முதலில் கதவிடுக்கில்தான் எழுதிக் காட்டும்.

ஆகவே பெரியவர் வண்டிக்குக் கீழே போனார். உடல் சேசிஸில் உட்காரும் ஒவ்வொரு இடத்திலும் ரப்பர் மெத்தையும் அதனோடு மெல்லிய தகடுகளும் இருக்க வேண்டும். பட்டறையில் அதற்குப் பெயர் பேக்கிங். கல்யாணப் பந்தியில் ஆடுகிற மேசையின் காலுக்குக் கீழே காகிதத்தை மடித்து வைப்போமே, அதே வேலைதான். முக்காலி எந்தத் தரையிலும் ஆடாது, மூன்று புள்ளிகள் எப்போதும் ஒரு தளத்தில் அமைந்துவிடும். நான்காவது கால் வந்ததும் சிக்கல் தொடங்குகிறது. காருக்கோ தாங்கும் புள்ளிகள் நான்கைவிட அதிகம். அந்தக் காலத்தில் சேசிஸ்கள் ஒன்றுபோல் ஒன்று வார்த்தெடுத்தவை அல்ல. எந்த வண்டியில் எந்தத் தாங்கிக்கு எத்தனை தகடு என்பது அந்தந்த வண்டியின் கைரேகை. இந்த வண்டியைக் கழற்றியவர்கள் எல்லாத் தகடுகளையும் ஒரு பெயிண்ட் டப்பாவில் கொட்டி வைத்திருந்தார்கள். எது எங்கிருந்தது என்று அந்த டப்பா சொல்லாது.

கணக்கு எளியது. கதவு இடுக்கின் உலோக உயரம் சுமார் 60 சென்டிமீட்டர். அந்த உயரத்தில் 3 மில்லிமீட்டர் சாய்வு என்றால் இருநூறில் ஒரு பங்கு. பின்பாதியின் முன்தாங்கிக்கும் பின்தாங்கிக்கும் ஏறக்குறைய ஒரு மீட்டர் என்று வைத்துக்கொண்டால், அதே இருநூறில் ஒரு பங்கு அங்கே 5 மில்லிமீட்டர். பத்தாம் வகுப்பில் படித்த வடிவொத்த முக்கோணங்கள், வேறொன்றும் இல்லை. 5 மில்லிமீட்டரையும் முன்தாங்கியில் வைத்தால் இடுக்கு நேராகும், ஆனால் பின்பக்கக் கோடு கதவைவிட 2 மில்லிமீட்டர் மேலே ஏறிவிடும். அதனால் முன்தாங்கியில் 3 ஏற்றி, பின்தாங்கியில் 2 இறக்க வேண்டும். சாய்வும் போகும், கோடும் சேரும். பெரியவர் காகிதத்தில் கணக்குப் போடவில்லை. டப்பாவிலிருந்து தகடுகளைக் கையால் தடவி எடுத்தபோது சரியாக அதையேதான் எடுத்தார்.

தகடு வைக்கும் முன் இரண்டு காரியம் செய்தார். கூரையின் போல்ட்டுகளையும் இரண்டு பாதிகளின் மூட்டு போல்ட்டுகளையும் அரைத்திருகு தளர்த்தினார். கூரை இரண்டு பாதியையும் பிடித்திருப்பதால், அதைத் தளர்த்தாமல் கீழே ஏற்றி இறக்கினால் முன் கண்ணாடிச் சட்டம் முறுக்கிக்கொள்ளும். அடுத்து, அளப்பதற்கு முன் வண்டியை ஜாக்கியிலிருந்து இறக்கி, நான்கு சக்கரத்திலும் நிற்கவைத்தார். இதை நான் அலட்சியமாக நினைத்திருந்தேன். அவர் செய்து காட்டினார். சேசிஸின் பக்கவாட்டுக் கைக்குக் கீழே ஜாக்கி கொடுத்து ஏற்றினால் இடுக்கு கண்ணெதிரே மாறுகிறது. எஞ்சின் முன்னால் அழுத்துகிறது, டிக்கி பின்னால் அழுத்துகிறது, நடுவில் தாங்கினால் எஃகு உத்தரம் வளைகிறது. வளைவு ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். நாம் தேடுகிற பிழையும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். எஞ்சின் ஏற்றாத, சக்கரம் மாட்டாத வண்டியில் இடுக்கு பார்ப்பது, வெறும் வயிற்றில் தைத்த சட்டையைப் பந்திச் சாப்பாட்டுக்குப் பின் போடுவது மாதிரி.

இவ்வளவு சிறிய பிழை ஏன் இவ்வளவு பெரிதாகத் தெரிகிறது? நம் கண்ணின் கூர்மைக்கு ஓர் எல்லை உண்டு. அருகருகே உள்ள இரண்டு புள்ளிகளைத் தனித்தனியாகக் காண, அவை கண்ணில் சுமார் ஒரு கலை கோணத்தை அடைக்க வேண்டும். ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு அது. ஒரு மீட்டர் தூரத்தில் அது 0.3 மில்லிமீட்டர். ஆனால் ஒரு கோடு இன்னொரு கோட்டிலிருந்து விலகியிருப்பதைக் கண்டுபிடிப்பதில் நாம் இதைவிடப் பல மடங்கு திறமைசாலிகள். சில விகலை அளவு விலகலே போதும், ஒரு மீட்டரில் மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு. பள்ளி ஆய்வகத்தில் வெர்னியர் அளவுகோலில் எந்தக் கோடு எந்தக் கோட்டோடு சேர்கிறது என்று பார்த்தோமே, அந்தக் கருவி நம் கண்ணின் இந்தத் திறனை நம்பித்தான் வேலை செய்கிறது. அதனால் இந்தத் திறனுக்கே வெர்னியர் கூர்மை என்று பெயர். இரண்டு கதவிலும் சீராக 6 மில்லிமீட்டர் இடுக்கு விட்டால் யாரும் கவனிக்க மாட்டார்கள். 3இலிருந்து 6க்கு விரியும் இடுக்கைச் சாலையில் போகிறவர்கூடத் திரும்பிப் பார்ப்பார். கண்ணுக்கு அகலம் பொருட்டல்ல, இணை பிசகுவதுதான் உறுத்தல்.

விரல் இன்னும் நுட்பமானது. ஒரு தகடு அடுத்த தகட்டைவிட மேடாக நிற்கிறதா என்று பெரியவர் உள்ளங்கையைப் படியவைத்து, நடுவில் ஒரு மெல்லிய பருத்தித் துணியை வைத்துத் தடவுகிறார். துணி எதற்கு? வெறும் தோல் தகட்டில் ஒட்டி ஒட்டி நகரும், அந்த உராய்வின் அதிர்வு மேடுபள்ளத்தை மறைக்கும். துணி வழுக்கிக்கொண்டு போவதால் வடிவம் மட்டும் கைக்கு எட்டுகிறது. ஸ்டாக்ஹோமில் நடந்து 2013இல் வெளியான ஓர் ஆய்வில், 13 நானோமீட்டர் உயரமே கொண்ட சுருக்கங்களை மனித விரல்கள் வழுவழுப்பான பரப்பிலிருந்து பிரித்தறிந்தன. ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சம் நானோமீட்டர். படப்பையில் யாருக்கும் அந்த ஆய்வு தெரிந்திருக்க வேண்டியதில்லை.

சென்னை வெயிலில் தகடு விரியாதா என்று கேட்டேன். எஃகு ஒரு பாகை வெப்பத்துக்குத் தன் நீளத்தில் பத்து லட்சத்தில் 12 பங்கு விரிகிறது. காலை 25 பாகையில் இருந்த ஒரு மீட்டர் கதவு மதியம் 65 பாகைக்குச் சூடானால் கிட்டத்தட்ட அரை மில்லிமீட்டர் நீளும். ஆனால் கதவைச் சுற்றியுள்ள சட்டமும் அதே எஃகு, அதுவும் அதே அளவு விரிகிறது. இடுக்கும் அந்த விகிதத்திலேயே விரியும், 4 மில்லிமீட்டரில் அது கணக்கில் வராத துளி. ஒரு பக்கம் வெயிலும் மறுபக்கம் நிழலும் படும்போதுதான் தொல்லை. அதனால்தான் அளக்கிற வேலையைக் காலையிலேயே முடித்துக்கொள்கிறார்கள். இன்றைய கார்களில் நிலைமை வேறு. பம்பர் பிளாஸ்டிக், மட்கார்டு எஃகு. பிளாஸ்டிக் பல மடங்கு விரியும். ஒன்றரை மீட்டர் பம்பர் இதே வெயிலில் நான்கைந்து மில்லிமீட்டர்கூட நீளலாம். எனவே அதை நடுவில் இறுக்கி, ஓரங்களில் நீண்ட துளை வைத்து, நகர இடம் விடுகிறார்கள். ஐப்பசி மழையில் உப்பும் மரக்கதவுக்கு நம் ஆசாரிகள் முன்கூட்டியே இழைத்து இடம் விடுவார்களே, அதே முன்யோசனை.

இதே சாலையில் மேற்கே போனால் ஒரகடம். ரெனோ-நிஸான் தொழிற்சாலை 2010இல் அங்கே வந்தது. வடக்கே இருங்காட்டுக்கோட்டையில் 1998இலிருந்து ஹூண்டாய் கார்கள் வெளிவருகின்றன. முதலில் வந்த சான்ட்ரோக்களுக்கே கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. இன்றைய கார் உடலில் பிரித்து மாட்டும் பாதிகள் கிடையாது. பல ஆயிரம் ஸ்பாட் வெல்டுகளால் தைத்த ஒரே கூடு அது. தகடுகளை வெல்டுக்கு நிறுத்தும் ஜிக்கில் முக்காலித் தத்துவம்தான் ஆள்கிறது. தளத்துக்கு மூன்று புள்ளி, பக்கத்துக்கு இரண்டு, நீளத்துக்கு ஒன்று. மூன்றும் இரண்டும் ஒன்றும் ஆறு, நாம் மேலே எண்ணிய அதே ஆறு. ஏழாவது புள்ளி துளி பிசகி இறுக்கினாலும் தகடு வளையும், வளைந்தபடியே வெல்டாகிவிடும், பிடியை விட்டதும் துள்ளும்.

பிழைகள் சேர்கிற விதமும் சுவையானது. தலா அரை மில்லிமீட்டர் பிசகக்கூடிய நான்கு பாகங்கள் வரிசையாகச் சேர்ந்தால் மொத்தம் 2 மில்லிமீட்டர் பிசகலாம் என்று தோன்றும். ஆனால் நான்கும் ஒரே பக்கமாக, ஒரே நேரத்தில், முழு அளவில் பிசகுவது அபூர்வம். ஒன்றின் பிழையை இன்னொன்று தின்றுவிடும். பிழைகள் ஒன்றையொன்று சாராதவை என்றால் அவை வர்க்கமூலக் கணக்கில் சேரும், நான்கின் வர்க்கமூலம் இரண்டு, ஆகவே ஒரு மில்லிமீட்டர். ஆயிரக்கணக்கில் கார் செய்கிறவர்களுக்கு இந்தச் சலுகை உண்டு. ஒரே ஒரு ஹெரால்டைப் பூட்டுகிறவருக்கு இல்லை. அவர் கையில் இருப்பது சராசரி அல்ல, இந்த வண்டி.

புதுக் கார்த் தொழிற்சாலைகளிலும் கதவை அப்படியே நேராக மாட்டிவிடுவதில்லை. கண்ணாடி, மோட்டார், ஸ்பீக்கர், ரப்பர் பீடிங் எல்லாம் ஏறியபின் கதவு கனத்தால் இறங்கும் என்பதால், வெறும் தகடாக மாட்டும்போதே சற்று உயர்த்தி வைப்பது வழக்கம். பெரியவரும் நண்பரின் வண்டியில் கோடு சேர்ந்தபின் கதவை ஒரு மில்லிமீட்டர் உயர்த்தியே விட்டிருக்கிறார், கண்ணாடி இன்னும் வரவில்லை. பெயிண்டுக்கும் இடம் விட வேண்டும். தொழிற்சாலைப் பூச்சு ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர்தான். பட்டி பார்த்து, தேய்த்து, மறுபடி அடிக்கிற பட்டறைப் பூச்சு அதைப்போல மூன்று மடங்கு எளிதில் போகும். இடுக்கின் இரண்டு கரையிலும் பூச்சு ஏறுவதால் அரை மில்லிமீட்டருக்கு மேல் காணாமல் போகும். இதை மறந்தால், முதல் முறை கதவைத் திறக்கும்போதே ஓரத்தில் பெயிண்ட் சில்லு பெயரும்.

பட்டி என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கோணலான இடுக்கைப் பட்டி போட்டு நிரப்பி, கோடு கிழித்து, நேராக்கிக் காட்டுவது எளிது. ஒரு நாள் வேலை. புகைப்படத்தில் அழகாக இருக்கும். ஆனால் கீழே உள்ள சாய்வு அப்படியே இருக்கிறது. வண்டி குழியில் இறங்கி ஏறும்போது தகடு அசையும், பட்டி அசையாது, வெடிக்கும். வெடிப்பில் தண்ணீர் போகும். நம் கடற்கரைக் காற்றில் மீதிக் கதை எல்லோருக்கும் தெரியும். வெட்டி ஒட்டுவது இன்னும் மோசம். 2021இல் திருத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த வண்டிகளைப் பழம்பெரும் வாகனமாகத் தனி எண்ணில் பதிவு செய்யலாம், எண் பலகையில் 'விஏ' என்ற எழுத்துகள் வரும். ஆனால் சேசிஸ், உடல், எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இல்லாமல் மூல வடிவில் இருக்க வேண்டும். ஹெரால்டுகள் அந்த வயதைத் தாண்டிவிட்டன. பேக்கிங் தகடு வைத்துத் திருத்திய வண்டி மூல வண்டியாகவே இருக்கிறது. எடுத்தால் பழைய நிலைக்கு வந்துவிடும்.

இரண்டு வாரம் கழித்து மறுபடி போனேன். கதவு இடுக்கு மேலிருந்து கீழ்வரை 4, நான்கரை. டிக்கியும் சேர்ந்துவிட்டது. பானெட் மட்டும் கதவோடு சேருமிடத்தில் இரண்டு பக்கமும் 6 மில்லிமீட்டர் விட்டிருந்தார்கள். நண்பருக்கு அதில் மனக்குறை. பெரியவர் பானெட்டைக் கவிழ்த்துத் திறந்து, அதன் கீல்களைக் காட்டினார். அவை சேசிஸின் மூக்கில் இருக்கின்றன. கதவோ உடலில் இருக்கிறது, உடல் ரப்பர் மெத்தையில் இருக்கிறது. சாலையில் போகும்போது இரண்டும் தனித்தனியாக ஆடும். அதற்கு இடம் வேண்டும். வண்டலூரில் பிறந்தபோதும் அதற்கு அந்த இடம் இருந்தது. நண்பர் தலையாட்டினார்.

நான் கிளம்பும்போது பெரியவர் கீழே படுத்திருந்தார். நம்பர் பஞ்சால் ஒவ்வொரு பேக்கிங் தகட்டிலும் தாங்கியின் எண்ணையும் கனத்தையும் அடித்துக்கொண்டிருந்தார். "அடுத்து கழட்டுறவன் இதையும் டப்பாவுலதான் போடுவான் தம்பி," என்றார். "போட்டாலும் படிச்சுப் பார்த்து மாட்டிக்கலாம்ல."